"என் படங்கள் தேறுமா?": மதுரையில் புகைப்படம் பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேமரா வாங்கி ஓராண்டு ஆகிவிட்டது. மெமரி கார்டு நிறையப் படங்கள் இருக்கின்றன. ஆனால் ஒன்றைக்கூட நான்கு பேர் முன்னால் வைக்கத் துணிவு வரவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையிலேயே இருந்துகொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டே படம் எடுக்கப் பழகியவன் நான். எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று சொல்லித்தர ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். எடுத்த படம் தேறுமா தேறாதா என்பதை நானே எப்படிக் கண்டுகொள்வது என்று சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. அதற்காக நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பற்றிய சந்தேகம் பாராட்டினால் தீராது. அத்தை பாராட்டுவார், நண்பன் பாராட்டுவான், கைபேசியில் இதயக்குறிகள் விழும். அடுத்த படத்தை எடுத்ததும் அதே சந்தேகம் திரும்ப வந்து நிற்கும். படத்தை எடைபோட ஒரு முறை உங்கள் கையில் இருந்தால்தான் அது அடங்கும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த முறையைப் பழகத்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஓராண்டை ஒதுக்குங்கள்.

1. சந்தேகத்தை நோட்டில் எழுதுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இதுவரை எடுத்தவற்றிலிருந்து இருபது படங்களை எடுத்து வையுங்கள். பிடித்தவையும் பிடிக்காதவையும் கலந்தே இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எதைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினேன்? அது படத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் எதனால்? "நன்றாக இல்லை", "ஏதோ குறைகிறது" என்றெல்லாம் எழுதக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற காரணத்தை மட்டும் எழுத வேண்டும்.

எழுதி முடித்தால் குறைகள் மூன்று வகையாகப் பிரிவதைப் பார்ப்பீர்கள். முதல் வகை, கைப்பழக்கக் குறை: ஃபோகஸ் தவறியது, படம் ஆடியது, வெளிச்சம் கூடியது. இரண்டாம் வகை, நின்ற இடத்தின் குறை: தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்தது, தூரத்தில் நின்றுவிட்டோம், ஒருவரை இன்னொருவர் மறைத்துவிட்டார். மூன்றாம் வகை, எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லாமலே எடுத்தது. முதல் வகை ஒரு மாதப் பயிற்சியில் தீரும். இரண்டாவதற்குச் சில மாதங்கள் ஆகும். மூன்றாவதற்கு ஓராண்டு வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். முதல் வகைக் குறையைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கலைக்கண் இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். விளக்குத்தூண் பக்கம் சாயங்காலக் கூட்டத்தை எடுத்தால் படம் குழம்பிப்போகிறது என்று பலர் சொல்கிறார்கள். அந்த நேர வெளிச்சத்தில் கேமரா தானாகவே ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, 1/30 நொடிக்கு இறக்கிவிடும். நடக்கிறவர்கள் கலங்கத்தான் செய்வார்கள். நடப்பவருக்கு 1/250, ஓடும் மாட்டுக்கு 1/1000, உட்கார்ந்து பேசுகிறவருக்கு 1/125 என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவை) 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். அதனால் படத்தில் புள்ளி விழுந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். ஆடிய முகத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

2. கேமராவில் பணத்தைக் கொட்டாதீர்கள்

சந்தேகம் வந்ததும் முதலில் தோன்றுவது லென்ஸ் வாங்கும் ஆசைதான். முதல் ஓராண்டுக்கு அதைத் தள்ளிவையுங்கள். கைபேசி மட்டும் இருந்தாலும் இந்தப் படிகளில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காமல், காலால் நடந்து கிட்டே போய் எடுங்கள், அது போதும்.

கேமரா வாங்கியே ஆக வேண்டும் என்றால் பழையது போதும். இருபதாயிரம் ரூபாயை ஒட்டி நல்ல நிலையில் கிடைக்கும். வாங்குமுன் இவற்றைப் பாருங்கள். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். தொடக்க நிலைக் கேமராக்களுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை என்று கணக்குச் சொல்வார்கள். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல்போல வெள்ளையாகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள். உங்கள் மெமரி கார்டைப் போட்டு அங்கேயே எடுத்துப் பார்த்து, படங்களை வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பில் இல்லாத கேமராவைத் தொடாதீர்கள். பழைய உரிமையாளரின் பில், அவர் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு, அவருடைய அடையாள அட்டை நகல் ஆகிய மூன்றையும் வாங்கி வைக்கவும். கேமராவின் அடியிலும் லென்ஸிலும் உள்ள வரிசை எண்களைப் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள். திருவிழாக் கூட்டத்தில் பை பறிபோனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அதையும் மீறி ஒரே ஒரு லென்ஸ் கூடுதலாக வாங்கலாம் என்றால் 50 மி.மீ., எஃப் 1.8 (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது). புதிதாகவே பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பெரிதாக்கவும் சிறிதாக்கவும் அதில் வழி இல்லை; நீங்கள்தான் நகர வேண்டும். இரண்டாம் வகைக் குறைக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

3. ஒரே இடத்துக்கு மூன்று மாதம் போங்கள்

வாரம் ஒரு ஊர், மாதம் ஒரு திருவிழா என்று சுற்றுகிறவர்களுக்குப் படங்கள் சேரும், முன்னேற்றம் இருக்காது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இடம் மாறவில்லை, வெளிச்சம் மாறவில்லை, படம் மட்டும் மாறியிருக்கிறது என்றால் மாறியது நீங்கள்தான். மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பல பத்தாண்டுகள் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் மூன்று மாதம் நிற்கலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் எளிது. வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போக வேண்டும். டிக்கெட் இருக்கக் கூடாது. மனிதர்கள் வேலை செய்கிற இடமாக இருந்தால் மிக நல்லது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்: விடியும் முன்பே சுறுசுறுப்பாகிவிடும். சித்திரை, வைகாசியில் மல்லிகை வரத்து கூடும், மார்கழி, தையில் குறைந்து விலை ஏறும். விலை ஏறிய நாட்களில் எல்லோரும் பதற்றமாக இருப்பார்கள். அன்று கேமராவோடு வழியில் நிற்காதீர்கள். பை தூக்கி வருகிறவருக்கு முதலில் வழி விடுங்கள், படம் பிறகு.

விளாச்சேரி: மண் பொம்மை செய்கிற ஊர். ஆடி தொடங்கி நவராத்திரி வரை கொலு பொம்மையும் விநாயகரும், அதன் பிறகு கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் நடக்கும். வேலை வீட்டு வாசலிலேயே நடப்பதால் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். மழைக் காலத்தில் பொம்மை காயாமல் அவர்கள் கவலையில் இருப்பார்கள், அந்த நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்: மனிதர்களை நேருக்கு நேர் எடுக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், படிக்கட்டு, நடுவில் மண்டபம். மேற்குக் கரையில் நின்றால் சூரியன் மண்டபத்துக்குப் பின்னாலிருந்து வரும், எல்லாம் நிழலுருவமாகும். கிழக்குக் கரைக்குப் போனால் அதே வெயில் மண்டபத்தின் முகத்தில் விழும். ஒரே காலையில் இரண்டையும் எடுத்துப் பார்க்கலாம்.

கீழக்குயில்குடி சமணர் மலை: அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் ஆலமரமும் இருக்கின்றன. மலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கையில் பிடித்து எடுப்பதில் சிக்கல் இல்லை, ட்ரைபாட் (முக்காலி) வைக்க முன் அனுமதி வேண்டும்.

திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. நுழைவுச் சீட்டோடு கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். தூண்களின் நிழல் விழும் நேரம் பார்த்து மாதத்துக்கு ஒருமுறை போக நல்ல இடம். வாராவாரம் போனால் செலவு கூடும்.

மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியூரிலிருந்து கேமராவோடு வந்து வாசலில் திரும்புகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை. 2018 முதல் கைபேசிக்கும் தடை. பொற்றாமரைக் குளமும் ஆயிரங்கால் மண்டபமும் உங்கள் பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள். சித்திரை வீதிகளிலும் மாசி வீதிகளிலும் நடக்கிற வாழ்க்கையே ஓராண்டுக்குப் போதும்.

ஜல்லிக்கட்டும் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதும் முதல் ஆண்டுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் நல்ல இடங்கள் பத்திரிகைக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். உங்களுக்குக் கிடைப்பது தூரத்துக் காட்சிதான். அதை எடுத்துவந்து மறுநாள் நாளிதழில் வந்த படத்தோடு ஒப்பிட்டு மனம் உடைந்தவர்கள் பலர். அதற்குப் பதில் ஐப்பசி, கார்த்திகையில் கிராமங்களுக்குப் போய், காளைக்கு நீச்சல் பழக்குவதையும் மண் குத்தப் பழக்குவதையும் எடுங்கள். அங்கே உங்களைத் தள்ள ஆள் இல்லை. அழகரைப் பார்க்கப் போனீர்கள் என்றால் கேமராவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போங்கள். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்கள் கேமராவுக்காக நிறுத்த மாட்டார்கள், நிறுத்த வேண்டியதும் இல்லை.

அனுமதி வேண்டிய இடமானால் ஒரு பக்கக் கடிதம் போதும்: உங்கள் பெயர், முகவரி, தொழில், எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன கருவிகள், படம் எதற்கு, விற்பனைக்கு இல்லை என்ற உறுதி. அடையாள அட்டை நகலை இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

4. வெளிச்சத்துக்கு அட்டவணை போடுங்கள்

இணையத்தில் படிக்கிற புகைப்படப் பாடங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே சூரியன் சாய்வாக ஏறும், இதமான வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுகிறது. உதித்த ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயர்ந்துவிடும், ஒரு மணி நேரத்தில் மஞ்சள் வெளிச்சம் போய்விடும். எனவே சூரியன் உதித்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பினால் பயனில்லை. உதிப்பதற்கு அரை மணி முன்பே இடத்தில் நிற்க வேண்டும். சூரிய உதயம் இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6 மணிக்கும் 6.40-க்கும் இடையில்தான் நகரும், ஆகவே ஐந்து மணி அலாரம் எல்லா மாதத்துக்கும் பொருந்தும்.

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிழல் காலடியிலேயே விழும், கண்குழி இருண்டு முகம் மண்டையோடு போலத் தெரியும். சித்திரைத் திருவிழாப் பகல் படங்களில் எல்லோரும் களைத்துத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாதங்களில் பதினொன்று முதல் மூன்று வரை பந்தல் நிழல், கடை உட்புறம், மண்டபம் என்று உள்ளே நகர்ந்துவிடுங்கள். கூரைக்குக் கீழே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர் முகத்தில் விழும் வெளிச்சத்துக்கு ஸ்டுடியோ விளக்குகூட ஈடாகாது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் நாள் முழுக்க மென்மையான வெளிச்சம் தரும். மழைக்குப் பயந்து கேமராவைப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். வீட்டில் வைக்கும்போது மட்டும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

5. கேட்டு எடுங்கள், எழுதி வாங்குங்கள்

சந்தேகத்தில் பாதி, படத்தைப் பற்றியதே அல்ல. மனிதர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். தூரத்தில் ஒளிந்து நின்று எடுத்தால் அந்தக் கூச்சம் படத்தில் அப்படியே தெரியும். கிட்டே போய்க் கேட்டுவிடுங்கள்.

கோயிலைச் சுற்றிய வீதியோரத்தில் பூ கட்டுகிற ஒருவரிடம், "அக்கா, நீங்கள் கட்டுவதைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். "முகம் வேண்டாம் தம்பி, கையை எடுத்துக்கொள்" என்றார். முகம் இல்லாமல் என்ன படம் என்று முதலில் தோன்றியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்தக் கையின் வேலை தெரிந்தது. இடது கை விரல்களுக்கு நடுவே நனைத்த வாழைநார். வலது கை நான்கு மொட்டுகளை எடுத்து, இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் காம்புகள் எதிரெதிராக வருமாறு வைக்கிறது. நார் ஒரு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் நுழைந்து, கட்டைவிரல் நகம் அதை இறுக்குகிறது. இறுக்கும் அந்தக் கணத்தில் நாரிலிருந்து ஒரு சொட்டு நீர் பிதுங்கி நகத்தின் மேல் நிற்கிறது. 1/60-இல் எடுத்த படங்களில் விரல்கள் வெறும் மங்கலாக இருந்தன. 1/250-க்கு மாற்றி, மற்ற விரல்களை விட்டுவிட்டு அந்த நகத்தில் ஃபோகஸ் வைத்து, முடிச்சு விழும் நேரத்துக்காகக் காத்திருந்து எடுத்ததில் அந்தச் சொட்டு வந்துவிட்டது. நோட்டில் எழுத வேண்டிய முதல் கேள்விக்கு அன்று விடை தெளிவாக இருந்தது: எதைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினேன்? நகத்தின் மேல் நின்ற நீரை. அவ்வளவு குறிப்பாகச் சொல்ல முடிந்தால், படம் வந்ததா இல்லையா என்று சொல்ல வேறு யாரும் தேவையில்லை.

முகம் தெரிகிற படத்தைக் கண்காட்சிக்கோ போட்டிக்கோ அனுப்பப் போகிறீர்கள் என்றால் சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள். தமிழிலேயே எழுதலாம்: "……… தேதியில் ……… என்ற இடத்தில் என்னை எடுத்த புகைப்படங்களைக் கண்காட்சி, போட்டி, இதழ்களில் வெளியிட எனக்குச் சம்மதம். விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதானால் என்னிடம் தனியாக அனுமதி பெற வேண்டும்." கீழே பெயர், கையெழுத்து அல்லது கைரேகை, தேதி. குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். பையில் பத்து பிரதி எப்போதும் இருக்கட்டும். மறுமுறை போகும்போது அவர்களுக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் விட்டால் அடுத்து வருகிற புகைப்படக்காரருக்கு அந்த வாசல் மூடிவிடும்.

கல்யாண வேலைக்குத் துணைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆக்கியவர். ஆனால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும். ஆகவே அந்தப் படங்களை உங்கள் பெயரில் போட்டிக்கு அனுப்ப விரும்பினால் வேலைக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

6. அன்றே அழிக்காதீர்கள், அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள்

எடுத்த இடத்திலேயே கேமராத் திரையைப் பார்த்து அழிப்பது மிகக் கெட்ட பழக்கம். அந்த நேரத்தில் உங்கள் மனதில் இருப்பது அன்றைய வெயிலும் களைப்பும், படம் அல்ல. வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றி, தேதியும் இடமும் போட்ட ஃபோல்டரில் வைத்து, தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டு மூடிவிடுங்கள். இரண்டு வாரம் திறக்காதீர்கள்.

திறக்கும்போது மூன்று சுற்றாகப் பாருங்கள். முதல் சுற்றில் கைப்பழக்கக் குறை உள்ளவற்றை ஒதுக்குங்கள். அழிக்க வேண்டாம், ஒதுக்கினால் போதும். இரண்டாம் சுற்றில் ஒரே காட்சியின் பல படங்களைப் பக்கத்தில் வைத்து, ஓரங்களைப் பாருங்கள். நடுவை எல்லோரும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்; பாதி வெட்டுப்பட்ட கையும் பிளாஸ்டிக் குடமும் ஓரத்தில்தான் நுழைந்திருக்கும். மூன்றாம் சுற்றில் நோட்டின் முதல் கேள்வி. விடை சொல்ல முடியாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே.

ஒரு காலைக்கு ஒரு படம் மிஞ்சினால் நல்ல விளைச்சல். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம் வரும். எல்லாவற்றையும் ஒரே தாளில் சிறிதாக அச்சடித்து, அதில் ஒன்றிரண்டை மட்டும் பென்சிலால் வட்டமிடுவார்கள். பெரிய புகைப்படக்காரர்களின் வட்டமிட்ட படத்தை மட்டும் பார்த்துவிட்டு, நம் ரோல் முழுவதையும் அதோடு ஒப்பிட்டுத் துவண்டுபோவது நியாயமில்லாத கணக்கு.

7. பிரிண்ட் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். திரையில் படம் ஒளிரும், தாளில் ஒளிராது. திரையில் நன்றாகத் தெரிந்த பல படங்கள் தாளில் உயிரில்லாமல் கிடக்கும். சாதாரணம் என்று ஒதுக்கிய ஒன்று தாளில் எழுந்து நிற்கும்.

மாதம் பன்னிரண்டு படம், 4×6 அங்குலம், மேட் (பளபளக்காத) தாள். கடைக்குக் கடை விலை மாறும் என்றாலும் ஒரு பிரிண்ட் ஏறக்குறைய ஒரு டீ விலையில் முடிந்துவிடும். லேபில் கொடுக்கும்போது "கலர் கரெக்‌ஷன் வேண்டாம், உள்ளபடியே போடுங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்துக்குச் செய்வதுபோல எல்லா முகத்தையும் வெளுப்பாக்கிக் கொடுத்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். பென் டிரைவில் கொண்டுபோங்கள், அல்லது டாக்குமெண்டாக அனுப்புங்கள். பெரிய அளவுக்குக் கணக்கு இது: அங்குலத்துக்கு 300 புள்ளி. 8×12 அங்குலத்துக்கு 2400×3600 பிக்சல் வேண்டும், 12×18-க்கு 3600×5400. இதற்குக் குறைவாக இருந்தால் பெரிதாக்கச் சொல்லாதீர்கள்.

வந்த பிரிண்டுகளை பீரோக் கதவிலோ சுவரிலோ ஒட்டிவையுங்கள். பத்து நாள் தினமும் கண்ணில் படட்டும். சலித்துப்போனதை எடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதை ஒரு உறையில் போட்டு மாதத்தின் பெயரை எழுதுங்கள். ஆறாவது மாத உறையை முதல் மாத உறைக்குப் பக்கத்தில் கொட்டிப் பார்க்கும்போது கிடைக்கிற தெளிவை எந்தப் பாராட்டும் தராது.

8. யாரிடம் காட்டுவது, எப்படிக் கேட்பது

வீட்டார் அன்பினால் புகழ்வார்கள், முகம் தெரியாதவர்கள் அவசரத்தில் புகழ்வார்கள் அல்லது ஏசுவார்கள். இரண்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். உங்களுக்கு இரண்டு வகை ஆட்கள் வேண்டும். ஒருவர், பல ஆண்டுகளாகப் படம் எடுக்கிறவர். இன்னொருவர், நீங்கள் எடுத்த விஷயத்தை அறிந்தவர். பொம்மை செய்கிற ஐயா என் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்மை இன்னும் காயவில்லையே, இப்போதே நான் கையில் வண்ணத் தூரிகையோடு நிற்பதுபோல எடுத்திருக்கிறாய்" என்றார். எந்தப் புகைப்பட ஆசிரியராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

பன்னிரண்டு பிரிண்டுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், அதற்கு "நன்றாக இருக்கிறது" என்ற ஒரே விடைதான் வரும். "இதில் மூன்றை நீக்கிவிடச் சொன்னால் எதை நீக்குவீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் பேசும்போது படத்துக்கு விளக்கம் சொல்லாமல் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே படத்தை நீக்கினால் அது போக வேண்டியதுதான். ஒருவர் நீக்கியதை மற்றவர் வைத்துக்கொள்ளச் சொன்னால், முடிவு உங்களுடையது.

9. போட்டிக்கு அனுப்பும் முன்

எட்டாவது மாதத்துக்கு முன் போட்டி வேண்டாம். அனுப்பும்போது விதிகளை வரி வரியாகப் படியுங்கள். சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பி.எஸ்.ஏ. ஆகியவற்றின் அங்கீகாரத்தோடு நடக்கும் சலோன்களில் (புகைப்படப் போட்டிகளில்) பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு நான்கு படம். கட்டணம் பிரிவுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஒரே ஒரு பிரிவில் தொடங்குங்கள்.

எந்தப் பிரிவு என்பதில் பலர் பணத்தை இழக்கிறார்கள். ஜல்லிக்கட்டுக் காளையை நேச்சர் (இயற்கை) பிரிவுக்கு அனுப்பினால் தள்ளுபடிதான், ஏனென்றால் வளர்ப்பு விலங்குக்கு அங்கே இடமில்லை. தோட்டத்து மல்லிகைக்கும் இல்லை. செய்திப்படப் பிரிவில் நீங்கள் ஆளை நிறுத்தி எடுத்த படமும் கூடாது, ஒரு மின்கம்பியைக்கூட அழித்திருக்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. வெற்றி பெற்றால் மூல ஃபைலைக் கேட்பார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்தே ரா ஃபைலையும் (கேமரா மெருகேற்றாமல் பதியும் மூலக் கோப்பையும்) சேர்த்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு பொறிகளைப் பற்றி எச்சரிக்கிறேன். முதலாவது, "அனுப்பப்படும் எல்லாப் படங்களையும் காலவரையின்றி, எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு" என்ற வரி. அது இருந்தால் அந்தப் போட்டி படம் சேகரிக்கும் வழி, விலகிவிடுங்கள். இரண்டாவது, தேர்வான பிறகு பணம் கேட்பது. ஒரு போட்டியிலிருந்து என் படம் தேர்வானது என்று கடிதம் வந்தது. நூலில் அச்சாக வேண்டுமானால் பிரதிக்குப் பணம் கட்டுங்கள் என்று அடுத்த பத்தியில் இருந்தது. சான்றிதழுக்கும் தனி விலை. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

படம் தேர்வாகாமல் வந்தால் அதை அழுக்குத்துணி போல ஓரம் கட்டிவிட வேண்டாம். வழக்கமாக மூன்று நடுவர்கள் வரிசையாகப் படங்களைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு படத்துக்குச் சில நொடிகளே கிடைக்கும். ஓரிடத்தில் தள்ளுபடியானது வேறிடத்தில் தேர்வாவது வாடிக்கை. அதே நான்கு படங்களை வேறு இரண்டு போட்டிகளுக்கு அனுப்பிய பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால், அப்போது நோட்டை எடுத்து மறுபடியும் மூன்று கேள்விகள்.

10. செலவும் காலமும்

கேமரா இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதச் செலவு பஸ் கட்டணமும் பிரிண்டும்தான். பெண்களுக்கு சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்பதால் பிரிண்ட் செலவு மட்டும். ஹார்ட் டிஸ்க் ஐயாயிரத்துக்கு மேல் ஆகும்; அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், மலிவானது கெட்டால் ஓராண்டு உழைப்பும் போய்விடும். காசு கொடுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போக நினைத்தால், சேருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிரிண்டுகளை உட்கார்ந்து பார்த்துச் சொல்வீர்களா?" கருவிகளை மட்டும் சொல்லித்தருகிற வகுப்பு இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

எந்த மாதத்திலும் தொடங்கலாம், இடத்தை மட்டும் மாதத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆடியில் தொடங்குகிறவர்கள் விளாச்சேரிக்குப் போங்கள், நவராத்திரிக்குள் மூன்று மாதம் சரியாக முடியும். ஐப்பசியில் என்றால் மாடு பழக்குகிற கிராமங்கள். தையில் தெப்பக்குளம், தைப்பூசத் தெப்பத் திருவிழா அன்று மட்டும் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போய்க் கூட்டத்தைக் கண்ணால் பாருங்கள், மறுநாள் காலை ஐந்தரைக்குப் படிக்கட்டுக்கு வாருங்கள். பங்குனி, சித்திரையில் தொடங்கினால் பூ மார்க்கெட். வெயில் ஏறும் முன் வேலை முடிந்துவிடும், ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கும் போய்விடலாம்.